முடுக்கிய பாடல்கள்: வேகம் யாருக்காக?

கலைகளுள் காலத்தையே மூலப்பொருளாகக் கொண்டது இசை. ஓவியத்தின் முன்னே நாம் விரும்பிய நேரம் நிற்கலாம். நாவலை விட்டு விட்டுப் படிக்கலாம். பாட்டோ தனக்குரிய காலத்தைத் தானே வகுத்துக்கொண்டு, அக்காலத்தினூடே நம்மையும் அழைத்துச் செல்வது. ஆகவே, ஒரு பாட்டின் காலப்பிரமாணத்தை மாற்றுபவர் அதன் புறத்தோற்றத்தை மாத்திரம் மாற்றியவராகார். அதன் பொருளையும் மாற்றியவராவர்.

அண்மை ஆண்டுகளில் மேலைநாட்டு வெகுஜனப் பாடல்கள் பல, முதலில் வெளிவந்த வடிவிலன்றி, நூற்றுக்கு 20 முதல் 30 வரை வேகங் கூட்டப்பெற்ற வடிவிலே இளைஞரிடையே பெரிதும் பரவியுள்ளன. 'ஸ்பெட் அப்' என்று அவற்றை வழங்குவர். முடுக்கிய பாடல்கள் என நாம் குறிப்பிடுவோம். முடுகு என்ற சொல் நம் யாப்பியலுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 20 வண்ணங்களுள் தூங்கல் வண்ணமும் உண்டு. முடுகு வண்ணமும் உண்டு. ஓசையின் நடை வேறுபட்டாற் பாவின் இயல்பும் வேறுபடும் என்பதைப் பழைய இலக்கணகாரர் நன்குணர்ந்திருந்தனர். ஆனால் அங்கே நடையைத் தெரிந்தெடுத்தவன் பாவலன். இன்றைய முடுக்கிய பாடல்களில் நடையைத் தெரிந்தெடுப்பவர் யார், எதன் பொருட்டுத் தெரிந்தெடுக்கிறார் என்பனவே நாம் ஆராய வேண்டிய வினாக்கள்.

இவை பற்றி இருவகையான கருத்துகள் நிலவுகின்றன. இளைஞர் பொறுமையிழந்துவிட்டனர், அவர்தம் இரசனை சீரழிந்துவிட்டது என்பர் ஒரு சாரார். கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்கின்றனர், எனவே குறை கூறுவதற்கு இடமில்லை என்பர் மற்றொரு சாரார். முன்னது பண்டிதரின் முகச்சுளிப்பு. பின்னது வியாபாரியின் வாதம். இரண்டும் பாட்டைச் செவிமடுக்காமலே தீர்ப்பு வழங்குவன. நாம் பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஒலிப்பதிவொன்றை நூற்றுக்கு 25 வீதம் வேகமாக ஓட்டினால் நிகழ்வது என்ன? தாளம் விரைகிறது என்பது வெளிப்படை. அதனோடு சுருதியும் உயர்கிறது. ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அது உயர்வதனால், முதற்பதிவின் ஷட்ஜம் இப்பொழுது அந்தர காந்தாரம் இருந்த இடத்திற் போய் நிற்கும். இவ்வளவே நிகழ்ந்திருப்பின் வேறொரு சுருதியிற் பாடியதாகக் கொள்ளலாம். ஆனால் இங்கே குரலின் உடலே மாறிவிடுகிறது. வளர்ந்த ஆணொருவரின் குரல்வளை முதல் உதடு வரையுள்ள ஒலிக்குழாயின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அக்குழாயே குரலுக்குரிய தனி நிறத்தைத் தருவது. வேகங் கூட்டிய பதிவில் அந்நிறம் 13½ சென்ரிமீற்றர்க் குழாய்க்குரியதாகிவிடும். ஆணின் குரல் பெண்ணின் குரலை அணுகும். பெண்ணின் குரல் சிறுமியின் குரலை அணுகும். நொடிக்கு 6 தடவை அசைந்த கார்வை 7½ தடவை அசைந்து நடுக்கமாகும். இரு சொற்களுக்கிடையே பாடகர் இழுத்துவிட்ட மூச்சு சுருங்கி, இருந்த இடந் தெரியாமற் போய்விடும்.

சுருதி உயர்வது தவிர்க்கவியலாத தொழில்நுட்ப விளைவு என்று எண்ணுதல் தவறு. சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வழியொன்றினை 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளனகனும் கோல்டனும் வெளியிட்டனர். இன்று கைப்பேசியிற் சொற்பொழிவை வேகமாகக் கேட்பவர் எவரும் அத்தகைய வசதியையே பயன்படுத்துகின்றனர். அவ்வாறிருந்தும், பாடல்களை முடுக்குவோர் சுருதி உயர்வை வேண்டுமென்றே விட்டுவைக்கின்றனர். மெலிந்து, வயதிழந்து, பாலிழந்து ஒலிக்கும் அக்குரலே அவர் நாடுவது. நேரத்தை மிச்சப்படுத்தும் அவா மாத்திரம் இவ்வழக்கத்துக்குக் காரணமாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 33⅓ சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டால் வேகம் நூற்றுக்கு 35 கூடும். இசைத்தட்டுப் பெட்டி வைத்திருந்த வீட்டுச் சிறுவர் பலர் இவ்விளையாட்டை அறிந்திருந்தனர். 1958இல் டேவிட் செவில் என்ற புனைபெயர் கொண்ட றொஸ் பக்டசேரியன், மெதுவாகப் பதிந்த குரலை வேகமாக ஓட்டி அணிற்பிள்ளைக் குரல்களை உண்டாக்கி, நத்தார்ப் பாட்டொன்றை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். 1990களின் தொடக்கத்தில் பிரித்தானிய நடனக்கூடங்களில் முடுக்கிய பெண்குரல்கள் பெருவழக்காயின. 2002இல் நோர்வேயின் வடகோடியிலுள்ள அல்ற்றா நகரில் மாணவர் இருவர் பள்ளிக்கூடப் பயிற்சியாகச் செய்த முயற்சியிலிருந்து நைற்கோர் என்ற வகை பிறந்தது. நடனப் பாடல்களைச் சுருதியுயர முடுக்கி, புதுப்பெயரிட்டு வழங்கிய அவ்வழக்கம் இணையத்தின் வழியாக உலகெங்கும் பரவியது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில், 1990களில், டிஜே ஸ்க்ரூ என்ற கறுப்பினக் கலைஞர் பாடல்களை வேகங்குறைத்து, வெட்டியும் திருப்பியும் ஒட்டி, ஒலிநாடாக்களில் வழங்கினார். 2000ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது அந்நகரின் கறுப்பின இளைஞரிடையே அவரது நாடாக்கள் ஒரு தனிப் பண்பாடாகவே வளர்ந்திருந்தன. பிறர் ஓடச் சொல்லும் உலகில், தமது கார்களிலும் தெருக்களிலும், தாமே வகுத்த மந்தகதியில் அவர்கள் பாட்டைக் கேட்டனர். முடுக்கலும் தளர்த்தலும் ஆகிய இரண்டுமே பெரும் நிறுவனங்களின் கூடங்களிற் பிறந்தவையல்ல. கையிற் கிடைத்த கருவியைக் கொண்டு சாதாரண மக்கள் செய்துபார்த்தவை. கேட்பவன் வெறுங் கொள்வோனாக இருக்க மறுத்த செயல் என்ற அளவில் இவற்றை நாம் மதித்தல் வேண்டும்.

ஆயினும் மதித்தல் வேறு, மதிப்பிடுதல் வேறு. மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் தேவை. வேக மாற்றம் பாட்டினுள் மறைந்திருந்த ஒன்றை வெளிக்கொணர்கிறதா, அல்லது பாட்டில் இருந்த ஒன்றை மறைத்துவிடுகிறதா என்பதே அவ்வளவுகோல். சில உதாரணங்களால் இதனை விளக்கலாம்.

வெளிக்கொணர்தலுக்குச் சிறந்த சான்று 2003இல் கன்யே வெஸ்ற் வெளியிட்ட 'துரூ த வயர்'. முந்திய ஆண்டு மோட்டார் விபத்தில் அவரது தாடை உடைந்தது. கம்பியாற் கட்டப்பட்ட தாடையோடு அவர் இப்பாட்டைப் பதிவுசெய்தார். பின்னணியில் சாகா கானின் 1984ஆம் ஆண்டுப் பாட்டொன்று முடுக்கப்பட்டு ஒலிக்கிறது. வாய் திறக்க இயலாது குழறும் மனிதக் குரலுக்கு மேலே, எந்த உடலுக்கும் கட்டுப்படாத ஒரு குரல் பறந்து செல்கிறது. உடைந்த உடலையும் உடையாத ஆசையையும் அருகருகே நிறுத்திக் காட்ட வேகமே கருவியாயிற்று. இங்கே முடுக்குதல் ஒரு கலைஞனின் சிருஷ்டி.

லேடி காகாவின் 'பிளடி மேரி' 2011இல் வெளிவந்தது. மரிய மதலேனாளின் நிலையில் நின்று பாடப்படும் அப்பாட்டு, ஆண்களின் கூட்டோதுகையோடு, கனத்த நடையிற் செல்வது. 2022 நவம்பரில் 'வென்ஸ்டே' என்ற தொலைத்தொடர் வெளிவந்தபோது, அதன் நாயகி ஆடும் நடனக் காட்சியோடு இப்பாட்டின் முடுக்கிய வடிவத்தை இரசிகர்கள் இணைத்தனர். தொடரில் உண்மையாக ஒலித்தது கிராம்ப்ஸ் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு. இரசிகர் செய்த இணைப்போ மூலக் காட்சியையும் விஞ்சிப் பரவியது. இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. துயரத்தை ஏற்று நிற்கும் பெண்ணின் நிதானம் போயிற்று. அதற்கீடாக, கயிறறுந்த பாவைபோல் ஆடும் உருவத்துக்குப் பொருந்தியதொரு விசித்திரச் சுவை வந்து சேர்ந்தது. பதினொரு வருடங்கள் அப்பாட்டினுள் எவரும் கேட்டிராத நகைப்பொன்று அதிற் கேட்டது.

மறைத்தலுக்கு உதாரணங்கள் இன்னும் மிகுதி. 2010ஆம் ஆண்டின் இசைத்தொகுப்பொன்றில் இடம்பெற்ற மிகெலின் 'ஷுவர் திங்' ஒன்றையொன்று பிரியாத பொருள்களை வரிசையாகச் சொல்லி, அவைபோல் நாமும் பிரியோம் என்று உறுதிகூறும் காதற்பாட்டு. டிக்டொக்கில் முடுக்கிய வடிவிற் பரவியதன் பயனாக 2023இல் அது தன் முதல் வெற்றியையும் கடந்து பட்டியலில் ஏறியது. ஆனால் எந்த உறுதிமொழி ஏறியது? மெல்லச் சொல்லப்படும்போது, ஒவ்வோர் உவமைக்கும் பின்னே சொல்பவன் நின்று நிதானித்து அடுத்ததைத் தேடுகிறான். அந்நிதானமே அவன் வாக்குக்குப் பிணை. முடுக்கியபோது உவமைகள் குழந்தைப் பாட்டின் எதுகைகள்போல் உருண்டோடுகின்றன. செவிக்கு இனிமை குறையவில்லை. வாக்கை நம்புவதற்குரிய ஆதாரம் குறைந்துவிடுகிறது.

ஸ்ரீவ் லேசியின் 'பாட் ஹபிற்' 2022 ஒக்டோபரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை எய்தியது. தன் விருப்பத்தை உரிய வேளையிற் சொல்லாது நாவடங்கியிருந்தவனின் ஏக்கமே அதன் பொருள். தயக்கமே பொருளாகவுள்ள பாட்டு தயங்கியே நடக்க வேண்டும். முடுக்கிய வடிவில் தயங்குவதற்கு அவனுக்கு நேரமில்லை. சொற்கள் தயக்கத்தைச் சொல்கின்றன. ஓசை அதனை மறுக்கின்றது. முரண்பட்ட இவ்விரண்டில் வெல்வது எப்பொழுதும் ஓசையே.

ஐந்தாவது உதாரணம் நம் ஆராய்ச்சியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்வது. ரே என்ற ஆங்கிலப் பாடகி பல வருடங்கள் ஒரு பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தும், தம் முழுத்தொகுப்பை வெளியிட அந்நிறுவனம் இடமளிக்கவில்லை என 2021இல் பகிரங்கமாக முறையிட்டு, அதிலிருந்து விலகினார். தனித்து நின்று அவர் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட 'எஸ்கேப்பிசம்' முடுக்கிய வடிவின் துணையோடு பரவி, 2023 ஜனவரியில் பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 2024 மார்ச்சில் அவருக்கு ஆறு பிரிற் விருதுகள் கிடைத்தன. காதல் முறிந்த ஒருத்தி, முந்திய இரவின் வேதனையை மீண்டும் உணராதிருக்கும் பொருட்டு, மதுவிலும் போதையிலும் அந்நியன் அணைப்பிலும் தன்னைத் தொலைக்க முயல்வதைக் கூறும் நான்கரை நிமிடப் பாட்டு அது. ஓட்டமே பொருளாகையால் முடுக்கல் ஓரளவு அதற்குப் பொருந்துகிறது. ஆனால் மூலப்பதிவில் அவள் ஓடுகிறாள் என்பதோடு, ஓடித் தப்ப முடியாது என்பதையும் அவள் மூச்சு நமக்குச் சொல்கிறது. முடுக்கிய வடிவில் ஓட்டம் எஞ்சுகிறது. தப்ப முடியாமை எஞ்சவில்லை. தப்பியோடுதலைப் பற்றிய விமரிசனம் தப்பியோடுதலுக்கே வாகனமாகிவிடுகிறது.

நிறுவனத்தின் வாசலில் தடுக்கப்பட்ட கலைஞர் ஒருவரை மக்கள் முன் நிறுத்தவும் இவ்வழக்கம் உதவிற்று. அதே வேளையில் அவர் பாட்டின் சாரத்தை மெலிவித்தும் விட்டது. இந்த இருமையை விளங்கிக்கொள்வதற்கு, பாட்டு விற்கப்படும் முறையை நோக்குதல் அவசியமாகும்.

ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகளில் ஒரு பாட்டு 30 நொடிகள் ஒலித்தாலே ஒரு தடவை கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதன்மேல் மூன்று நிமிடம் கேட்டாலும் ஒன்றே; ஆறு நிமிடம் கேட்டாலும் ஒன்றே. 25 வீதம் முடுக்கிய பாட்டு அந்த 30 நொடிக்குள் மூலத்தின் 37½ நொடிகளை அடக்கிவிடும். கேட்பவர் விலகிச் செல்வதற்கு முன்னரே பல்லவி வந்துவிடும். மூன்றரை நிமிடப் பாட்டை இடையறாது கேட்பவர் ஒரு மணி நேரத்தில் 17 தடவை கேட்கலாம். முடுக்கினால் 21 தடவை கேட்கலாம். ஒரே பதிவை மூலம், முடுக்கியது, தளர்த்தியது என மூன்று பண்டங்களாகவும் அடுக்கி வைக்கலாம். புதிய கூலி இல்லை. புதிய ஒத்திகை இல்லை. பாடகர் கூடத்துக்கு வரவேண்டியதும் இல்லை. இலாபக் கணக்குக்கு இதனினும் உகந்த சரக்கு வேறு யாது?

2022ஆம் ஆண்டை அடுத்துப் பெரிய நிறுவனங்கள் தாமே முடுக்கிய வடிவங்களை முறைப்படி வெளியிடத் தொடங்கியமைக்குக் காரணம் இதுவே. அதுவரை இளைஞர் செய்த வடிவங்களால் பாடகருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. முறைப்படி வெளியிடுவதால் ஒரு பங்கேனும் கிடைக்கும் என்று நிறுவனங்கள் கூறலாம். அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் பதிவின் உடைமை பெரும்பாலும் நிறுவனத்திடமே இருப்பதால், வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதனையே சார்கிறது. தம் நிகழ்த்துகை தம் நற்பெயருக்குப் பங்கமாகச் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையை நிகழ்த்துநருக்கு வழங்கும் சர்வதேச உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. அவ்வுரிமையைச் செலுத்துவதற்குக் கையில் பணமும் பக்கத்தில் சட்டத்தரணியும் வேண்டும். வளரும் கலைஞர் பலருக்கு இரண்டுமில்லை. மேலும், 2024 முதல் ஸ்பொட்டிஃபை, முந்திய 12 மாதங்களில் 1000 தடவையேனும் கேட்கப்படாத பதிவுகளுக்குப் பங்கு வழங்குவதில்லை. எண்ணிக்கைக்குள் நுழையவே ஓடவேண்டும் என்ற நிலையில், ஓட மறுக்கும் பாட்டின் கதி என்ன?

இங்கே ஒரு பழைய உண்மையை நினைவுகூர்தல் தகும். உழைப்பின் ஒழுங்கிலிருந்தே இசையின் லயம் கிளைத்தது என ஜேர்மானியப் பொருளியலாளர் கார்ல் பியூகர் 1896இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அவர் திரட்டிய சான்றுகளைக் கொண்டே ஜோர்ஜ் தொம்சன் கவிதையின் தோற்றத்தை ஆராய்ந்தார் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். நம் கரையோரங்களில் வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாட்டு இதற்கு நேரடிச் சான்று. வலை கனக்கும்போது பாட்டுத் தளரும்; கரை நெருங்கும்போது முடுகும். பாட்டின் வேகத்தை இழுப்பவரின் தோள்களே தீர்மானித்தன. சம்மாட்டிக்கு எவ்வளவு அவசரமிருந்தாலும் தோளின் மூச்சை மீறி அப்பாட்டு ஓடியதில்லை. வேகம் மனித உடலின் அளவாக இருந்தது என்பதே இதன் கருத்து.

இன்றோ உழைப்பின் வேகத்தை இயந்திரமும் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. இளைப்பாறும் வேளையிற் கேட்கும் பாட்டையும் அவையே தீர்மானிக்கத் தொடங்கிவிட்டன. 1938இல் அடோர்னோ, விற்பனைப் பண்டமாகிவிட்ட இசை கேட்பவரின் செவியையே துண்டுபடுத்திவிடுகிறது என எச்சரித்தார். மக்கள் இரசனை பற்றிய அவருடைய அவநம்பிக்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் முழுப்பாட்டை அறியாது அதன் 15 நொடிகளை மாத்திரம் அறிந்த ஒரு தலைமுறை வளர்ந்துவருகையில், அவ்வெச்சரிக்கையை ஒதுக்கிவிடவும் முடியாது.

இளைஞர் ஏன் இவற்றை நாடுகின்றனர் என்ற வினாவுக்கு நியாயமான விடை காணாது இவ்வாராய்ச்சியை முடித்தல் முறையன்று. பதின்மூன்று, பதினான்கு வயதினர் தம் குரலே உடைந்து மாறும் பருவத்தினர். ஆணென்றும் பெண்ணென்றும் வயதினரென்றும் சொல்லமுடியாத ஒரு குரலில் அவர்கள் தமக்கு இடங் காண்கின்றனர். பிரபல பாடகரின் குரல் அவருக்குரியது. முடுக்கியபின் அது எவருக்கும் உரியதாகிறது. நேரடியாகச் சொல்லக் கூசும் துயரத்தை விளையாட்டுக் குரலிற் சொல்லிவிடுதல் எளிது. இவை பரிகசிக்கத்தக்க தேவைகளல்ல. பரீட்சையும் தனிவகுப்பும் வேலையின்மை பற்றிய அச்சமும் காலை முதல் இரவு வரை துரத்தும் பிள்ளைகள், துரத்தலின் வேகத்திலேயே பாட்டையும் கேட்பதில் வியப்பென்ன? நோயின் அறிகுறியைக் கண்டு நோயாளியை ஏசுதல் மருத்துவமாகாது.

ஆகவே, தடைசெய்தலும் கேலிசெய்தலும் ஆசிரியர் செய்யத்தக்கன அல்ல. ஒரே பாட்டின் இரு வடிவங்களையும் மாணவர் முன்னே அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, எங்கே மூச்சு நின்றது, எச்சொல் கனமிழந்தது, எந்த உணர்வு புதிதாகத் தோன்றியது என்று அவர்களையே கேட்பது பயன்தரும். செய்யுளின் ஓசை வேறுபாட்டை வகுப்பறையில் விளக்குவதற்கும் இதனினும் உயிருள்ள வழி கிடைத்தல் அரிது. 'பிளடி மேரி'யின் பேற்றையும் 'ஷுவர் திங்'கின் இழப்பையும் தம் செவியாலேயே பிரித்தறியும் மாணவன், நாளை தன்னை முடுக்க வரும் ஏனைய சக்திகளையும் பிரித்தறிவான்.

வேகம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. பாடுபவன் தன் பொருளின் பொருட்டு விரைந்தால் அது கலை. கேட்பவன் தன் தேவையின் பொருட்டு விரைவித்தால் அது விளையாட்டு. சிலவேளை அதுவும் கலையாகலாம். 30 நொடிக் கணக்கின் பொருட்டு இருவரும் விரைவிக்கப்பட்டால், அதற்குச் சுரண்டல் என்பதன்றி வேறு பெயரில்லை. பாட்டின் காலத்தைப் பாடுவோரும் கேட்போரும் தம் கைக்கு மீட்டெடுக்க வேண்டுமாயின், தம் வாழ்வின் காலத்தையும் மீட்டெடுக்கப் போராட வேண்டியிருக்கும். இவ்விரு பணிகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துச் செய்தல் இயலாது.